காவலர் இல்லாத மேயர்கள்: கொலம்பிய நகரங்கள் கொலைகளைக் குறைத்த கதை

நகரப் பாதுகாப்பு என்றவுடன் காவல் நிலையமும் ரோந்து வண்டியும் நினைவுக்கு வருவது இயல்பே எனினும், ஒரு தெருவில் இருட்டிய பிறகு அச்சமின்றி நடக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பவற்றுள் பல காவல்துறையின் பொறுப்பில் அடங்குவதில்லை. தெருவிளக்கு எரிகிறதா, கேட்பாரற்ற மனையில் புதர் மண்டிக் கிடக்கிறதா, மதுக்கடை எத்தனை மணிக்கு அடைக்கப்படுகிறது, கடைசிப் பேருந்து எங்கே நிற்கிறது, வீட்டுக்குள் நடக்கும் அடிதடியை முறையிட அருகில் ஓர் அலுவலகம் உண்டா என்பன யாவும் நிர்வாகம் சார்ந்த கேள்விகள். ஆனால் பல நாடுகளில் விளக்கைப் போடும் அதிகாரம் ஒருவரிடமும் லத்தியைப் பிடிக்கும் அதிகாரம் வேறொருவரிடமும் இருக்கிறது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் இடம்பெறுவதால், சென்னை மேயருக்குத் தெருவிளக்கின் மீது அதிகாரம் உண்டு, அதன் கீழ் நிற்கும் காவலர் மீது கிடையாது; மதுக்கடையின் நேரத்தையும் மாநில அரசே வகுக்கிறது. இத்தகைய பிரிவினைக்கு நடுவே ஒரு நகர நிர்வாகம் குற்றத்தைக் குறைக்க என்ன செய்ய முடியும், எதுவரை செய்ய முடியும் என்பதை அறிய விரும்புவோர் தவறாமல் திரும்பிப் பார்க்கும் நாடு தென் அமெரிக்காவின் கொலம்பியா.

கொலம்பியாவில் காவல்துறை ஒன்றே ஒன்றுதான். அது தேசியக் காவல்துறை, அதுவும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், இராணுவத்துக்குப் பக்கத்து அறையில் இயங்குவது. மேயர்களோ 1988 வரை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே அல்லர், மேலிருந்து நியமிக்கப்பட்டவர்கள். அவ்வாண்டு முதல் அவர்கள் நேரடித் தேர்தலில் வரத் தொடங்கினர். 1991-இல் இயற்றப்பட்ட புதிய அரசமைப்புச் சட்டம், தன் 315-ஆம் உறுப்பில், நகராட்சி எல்லைக்குள் பொது ஒழுங்கைக் காப்பது மேயரின் கடமை என்றும், அவரே அந்நகரின் முதன்மைக் காவல் அதிகாரி என்றும், தேசியக் காவல்துறை அவரது ஆணைகளை உரிய தளபதியின் வழியாகத் தாமதமின்றி நிறைவேற்ற வேண்டும் என்றும் விதித்தது. சட்டம் சொல்வது இவ்வளவே. காவலருக்குச் சம்பளம் கொடுப்பதும், பதவி உயர்வு தருவதும், இடம் மாற்றுவதும், தவறு செய்தால் தண்டிப்பதும் தேசிய அரசின் கையிலேயே நின்றன. பொறுப்பு முழுதாகவும் அதிகாரம் பாதியாகவும் கொடுக்கப்பட்ட இந்த ஏற்பாட்டில், தன் பாதி அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒவ்வொரு மேயரும் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கண்டுபிடிப்பு தொடங்கியது தலைநகரில் அன்று; நாட்டின் தென்மேற்கிலுள்ள காலி என்ற நகரில்.

1992-இல் காலியின் மேயரான ரோட்ரிகோ குவெரேரோ ஒரு மருத்துவர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவலியல் பயின்றவர். ஒரு நோய் யாரை, எங்கே, எப்போது, எந்தச் சூழலில் தாக்குகிறது என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையிலிருந்து காரணத்தை நோக்கிச் செல்லும் துறையே நோய்ப்பரவலியல். காலரா பரவும்போது முதலில் கேட்க வேண்டியது, நோயுற்றவர்கள் எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பது. கொலைக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம் என்பது குவெரேரோவின் கருத்து. அப்போது காலியில் கொலைகள் ஏன் பெருகின என்று எவரைக் கேட்டாலும் கிடைத்த விடை ஒன்றுதான்: கோகைன். நகரின் பெயரையே தாங்கிய போதைப்பொருள் கூட்டமைப்பு அங்கே கோலோச்சிய காலம் அது. ஆதலால் அந்த விடையை ஐயுற ஒருவருக்கும் தோன்றவில்லை, மேயரால் அதில் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்ற முடிவும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

குவெரேரோ முதலில் செய்தது, இறந்தவர்களைச் சரியாக எண்ணுவது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலைதான் மற்ற அனைத்துக்கும் அடித்தளமாக அமைந்தது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்வது தகும். ஒரு நகரில் நடக்கும் கொலையைக் குறைந்தது மூன்று அலுவலகங்கள் தத்தம் பதிவேட்டில் எழுதுகின்றன. காவல்துறை, சம்பவ இடத்தில் கண்டதை எழுதுகிறது. குத்துப்பட்டவர் மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனால், அவர் காவல் பதிவேட்டில் காயமுற்றவராகவே நின்றுவிடக் கூடும். உடற்கூறாய்வு செய்யும் தடயவியல் மருத்துவ நிறுவனம் பிணவறைக்கு வந்த உடல்களைக் கணக்கிடுகிறது; அதில் நகர எல்லைக்கு வெளியே இறந்தவரும் சேர்ந்துவிடலாம். அரசு வழக்கறிஞர் அலுவலகம் வழக்குகளை எண்ணுகிறது; ஒரே சண்டையில் மூவர் மாண்டாலும் வழக்கு ஒன்றுதான். ஆகவே மூன்று அலுவலகங்களும் மூன்று எண்களைச் சொல்ல, ஒவ்வொன்றும் மற்றதைக் குறை கூற, எந்த எண்ணை வைத்தும் முடிவெடுக்க இயலாத நிலை ஏற்படுகிறது. குவெரேரோ இவர்களைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் வாரந்தோறும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். ஒவ்வொரு மரணமாக எடுத்து, இடம், நாள், நேரம், ஆயுதம், இரத்தத்தில் மதுவின் அளவு ஆகியவற்றை ஒப்பிட்டு ஓர் எண்ணுக்கு உடன்பட வைத்தார். 'தெசேபாஸ்' என்ற பெயரில் அறியப்பட்ட அத்திட்டம், வளர்ச்சி, பாதுகாப்பு, அமைதி ஆகிய மூன்றையும் தன் பெயரிலேயே தாங்கியது.

எண்ணியபோது தெரியவந்தது வேறொரு சித்திரம். கொலைகள் வார இறுதி இரவுகளில் குவிந்தன. சம்பள நாளை ஒட்டி வரும் வார இறுதிகளில் மேலும் குவிந்தன. பெரும்பான்மையானவை துப்பாக்கியால் நிகழ்ந்தன. மாண்டவர்களின் இரத்தத்தில் மது இருந்தது சாதாரணமாகக் காணப்பட்டது. கூட்டமைப்பின் கூலிக் கொலைகள் நடக்கவே செய்தன, அந்தக் கூட்டமைப்பு நீதித்துறையை அரித்துத் தின்றதும் உண்மை. எனினும் அன்றாடச் சாவுகளில் கணிசமானவை, சம்பளப் பணத்தோடு குடிக்கப் போன இடத்தில் வாய்ச்சண்டை முற்றி, இடுப்பில் துப்பாக்கி இருந்ததால் கொலையில் முடிந்தவை. கோகைனை ஒழிக்க மேயரால் ஆகாது. ஆனால் மதுக்கூடத்தை எப்போது மூடுவது என்று ஆணையிட அவரால் ஆகும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் இராணுவத்திடமிருந்து பெறப்படுவது. அதை நீக்க மேயருக்கு அதிகாரமில்லை. ஆனால் குறிப்பிட்ட நாட்களில் உரிமம் பெற்றவரும் அதைத் தெருவுக்குக் கொண்டுவரக் கூடாது என்று தடை விதிக்க வழியிருந்தது.

அத்தடை 1993 நவம்பர் முதல் 1994 இறுதிவரை காலியில், சம்பள நாளை அடுத்த வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் தேர்தல் நாட்களிலும் நடைமுறைக்கு வந்தது. காவலர்கள் சாலைகளில் சோதனைச் சாவடி அமைத்துத் தேடினர். பிடிபட்ட துப்பாக்கி பறிமுதல் செய்யப்பட்டது. 1995 முதல் 1997 வரை தலைநகர் பொகோடாவிலும் இதே தடை இடைவிட்டு அமலில் இருந்தது. தடை சில நாட்களில் இருந்தும் சில நாட்களில் இல்லாமலும் மாறி மாறி வந்ததால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்களுக்கு அரிய வாய்ப்புக் கிடைத்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, மற்ற காரணிகளைக் கழித்த பிறகும், தடை இருந்த நாட்களில் கொலை விகிதம் காலியில் 14 சதவீதமும் பொகோடாவில் 13 சதவீதமும் குறைந்திருந்ததாகக் கண்டது. பிரம்மாண்டமான எண் இல்லைதான். ஆயினும் பெரிய செலவின்றிக் கிடைத்த பலன் என்பதை மறந்துவிடலாகாது. குவெரேரோவுக்குப் பின் வந்த நிர்வாகங்கள் அதே முனைப்பைக் காட்டாததால் காலி நீண்ட காலம் நாட்டின் கொடிய நகரங்களுள் ஒன்றாகவே நீடித்தது. அங்கே முளைத்த முறை பொகோடாவில்தான் வேர்விட்டது.

பொகோடாவில் 1993-ஆம் ஆண்டு 4,300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒரு லட்சம் மக்களுக்கு 80 பேர் என்ற விகிதம் அது. ஓராண்டில் எத்தனை கொலைகள் என்பதை மக்கள்தொகையின் ஒவ்வொரு லட்சத்துக்கும் கணக்கிடுவதே கொலை விகிதம். இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் இது 2-க்கும் 3-க்கும் இடையில் இருப்பதை எண்ணினால் பொகோடாவின் நிலை விளங்கும். 1995-இல் அந்நகரின் மேயராகப் பொறுப்பேற்ற அந்தானாஸ் மோக்குஸ், லிதுவேனியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர், கணிதமும் தத்துவமும் கற்றவர், தேசியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருக்கு நிகரான பதவியில் இருந்தபோது, கூச்சலிட்ட மாணவர் கூட்டத்தின் முன் கால்சட்டையை அவிழ்த்துக் காட்டியதால் பதவியைத் துறக்க நேர்ந்தவர். கட்சிப் பின்னணி இல்லாத இவரை நகர மக்கள் தேர்ந்தெடுத்ததே, பழைய அரசியல்வாதிகள் மீது அவர்களுக்கிருந்த சலிப்பின் அளவைக் காட்டும்.

மோக்குஸின் சிந்தனை மூன்று கட்டுப்பாடுகளைப் பற்றியது. ஒரு மனிதன் தவறு செய்யாமல் இருப்பதற்குச் சட்டத்தின் மீதான அச்சம் ஒரு காரணம், மனச்சாட்சி மற்றொரு காரணம், பிறர் என்ன நினைப்பார்கள் என்ற நாணம் மூன்றாவது காரணம். சட்டம் வேண்டாம் என்று சொன்னதைச் சுற்றத்தாரும் தன் நெஞ்சமும் அனுமதிக்கும் சமூகத்தில், எத்தனை காவலரை நிறுத்தினாலும் ஒழுங்கு வராது என்பது அவரது வாதம். மூன்றையும் ஒரே திசையில் திருப்புவதற்குக் 'குடிமைப் பண்பாடு' என்று பெயரிட்டு, அதை நகர நிர்வாகத்தின் கொள்கையாகவே ஆக்கினார். ஊழலுக்குப் பேர்போன நகரப் போக்குவரத்து ஒழுங்குப் பிரிவைக் கலைத்து, அப்பணியைத் தேசியக் காவல்துறையிடம் ஒப்படைத்தார். சாலைச் சந்திப்புகளில் முகத்தில் வெள்ளை பூசிய ஊமைக்கூத்துக் கலைஞர்களை நிறுத்தி, கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்துவோரையும் கண்டபடி சாலையைக் கடப்போரையும் நகையாட வைத்தார். நன்று என்பதற்குக் கட்டைவிரலை உயர்த்தியும், தீது என்பதற்குத் தாழ்த்தியும் வரைந்த அட்டைகள் லட்சக்கணக்கில் அச்சிட்டு வழங்கப்பட்டன. ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் அடிக்காமலும் வையாமலும் கண்டிப்பதற்கு அவை பயன்பட்டன. வெளிநாட்டு இதழ்கள் இந்தக் கூத்துக் கலைஞர்களின் படங்களை விரும்பி வெளியிட்டதால், மோக்குஸின் ஆட்சி என்றாலே வேடிக்கை என்ற எண்ணம் பரவிவிட்டது. அது அவருக்குச் செய்யப்பட்ட அநியாயம் என்றே கூற வேண்டும், ஏனெனில் கொலைகளைக் குறைத்த வேலை படமெடுக்கத் தகாத அலுவலக அறைகளில் நடந்தது.

அவ்வேலையின் மையம், 1995-இல் நிறுவப்பட்ட ஒருங்கிணைந்த வன்முறை, குற்றத் தகவல் அமைப்பு. காலியில் செய்ததைப் போலவே தடயவியல் மருத்துவ நிறுவனத்தின் பதிவும் காவல்துறையின் பதிவும் ஒப்பிடப்பட்டு, எந்த வட்டாரத்தில் எந்த நேரத்தில் எந்த ஆயுதத்தால் யார் இறந்தனர் என்பது வரைபடத்தில் குறிக்கப்பட்டது. சமூகவியலாளரான ஊகோ அசேரோ நகரின் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்று, அடுத்தடுத்து வந்த மேயர்களின் கீழும் 2003 வரை அதே பணியில் தொடர்ந்தார். மேயர் பதவியில் உடனடி மறுதேர்வுக்கு இடமில்லாத நாட்டில், ஒரு திட்டத்தின் ஆயுள் மேயரின் ஆயுளுக்கு மேல் நீள்வது அரிது. அசேரோ போன்ற ஓர் அலுவலர் ஆட்சி மாறியும் மாறாமல் இருந்ததே, காலிக்கு வாய்க்காத ஒன்று பொகோடாவுக்கு வாய்த்ததன் காரணம் எனலாம். பாதுகாப்புக் குழுவின் கூட்டங்களில் மேயரே தலைமையில் அமர்ந்தார். காவல் தளபதி, இராணுவப் பிரதிநிதி, அரசு வழக்கறிஞர், நகரத் துறைத் தலைவர்கள் ஆகியோர் ஒரே வரைபடத்தைப் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று. அந்த வரைபடம் நகர நிர்வாகத்தின் கையில் இருந்தது. ஆணையிடும் அதிகாரம் குறைவாக இருந்த இடத்தை, கேள்வி கேட்கும் அதிகாரம் ஓரளவு நிரப்பியது.

வரைபடம் காட்டிய வழியில் 1995 டிசம்பரில், மக்கள் வழக்கில் 'காரட் சட்டம்' எனப்பட்ட ஆணை வந்தது. மதுக்கூடங்கள் இரவு 1 மணிக்கு மூடப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். பண்டிகைக்கால வெடிகளால் குழந்தைகள் தீக்காயமடைவதைத் தடுக்கத் தனியார் வெடி விற்பனை தடை செய்யப்பட்டது. கிறிஸ்துமஸ் காலத்தில், திருச்சபையின் துணையோடு, துப்பாக்கியை ஒப்படைப்போருக்குப் பரிசுச் சீட்டு தரும் இயக்கம் நடந்தது. அவ்வாறு வந்த ஆயுதங்களின் இரும்பை உருக்கிக் குழந்தைகளுக்கான கரண்டிகள் செய்தனர். ஒப்படைக்கப்பட்டவை நகரில் புழங்கிய துப்பாக்கிகளில் சிறு பங்கே என்பதால் இதன் நேரடிப் பலன் சிறிது. வீட்டு வன்முறை வழக்குகளைக் கேட்கும் குடும்ப ஆணையங்கள் பெருக்கப்பட்டன, அண்டை வீட்டாரின் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் சமரச மையங்கள் திறக்கப்பட்டன. இவை கொலையோடு தொடர்பற்றவை போலத் தோன்றலாம். ஆனால் எந்த ஊரின் கொலைப் பதிவேட்டைப் புரட்டினாலும், சுவர்த் தகராறும் வாடகைத் தகராறும் குடும்பச் சண்டையும் அதில் இடம்பெறாமல் இருப்பதில்லை.

பணம் என்ற கேள்வி இங்கே எழும். காவலரின் ஊதியம் தேசிய அரசினுடையது. ஆனால் அவர் ஏறிச் செல்லும் மோட்டார் சைக்கிளும், பேசும் வயர்லெஸ்ஸும், உட்காரும் கட்டடமும் நகரத்தின் செலவாக இருக்கலாம். கொலம்பியச் சட்டப்படி, அரசு தரும் பொதுப்பணி ஒப்பந்தங்களின் மதிப்பில் 5 சதவீதம் பாதுகாப்பு நிதிக்குச் செல்கிறது. சாலை போடும் ஒப்பந்தக்காரரிடம் பிடித்த தொகையிலிருந்து ரோந்து வாகனம் வாங்கலாம் என்பது இதன் பொருள். பொகோடா இத்தகைய நிதிகளிலிருந்து வாகனங்களையும் தகவல் தொடர்புக் கருவிகளையும் வாங்கித் தந்தது. குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கும் சிறு புறக்காவல் நிலையங்களைச் சீரமைத்தது. காவலர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிக் குடிமை உரிமைகள் பற்றிய பயிற்சி அளித்தது. செலவழிப்பவர் சொல்லைத் தளபதி காது கொடுத்துக் கேட்பார் என்ற உலகறிந்த நியாயமும் இதில் அடங்கியிருந்தது.

1998-இல் பதவியேற்ற என்ரிகே பெனலோசா, மோக்குஸுக்கு நேர்மாறான மனப்போக்கு உடையவர். மனிதரைத் திருத்துவதைவிட இடத்தைத் திருத்துவதில் நம்பிக்கை கொண்டவர். நடைபாதைகளை ஆக்கிரமித்த கார்களை அகற்றினார், பூங்காக்களையும் பெரிய நூலகங்களையும் கட்டினார், தனித்தடத்தில் ஓடும் டிரான்ஸ்மிலேனியோ பேருந்துச் சேவையை 2000 டிசம்பரில் தொடங்கினார். குடியரசுத் தலைவர் மாளிகைக்கு நடைதூரத்தில், போதைப்பொருள் விற்பனையின் கூடாரமாக விளங்கிய எல் கார்துச்சோ என்ற பகுதியை இடித்து அங்கே பூங்கா அமைக்கும் பணியும் அவர் காலத்தில் தொடங்கியது. அங்கே வாழ்ந்த வீடற்றோரும் போதைக்கு அடிமையானோரும் சில தெருக்கள் தள்ளிப் போய் 'ப்ரோன்க்ஸ்' எனப்பட்ட இன்னொரு இடத்தில் குடியேறினர் என்பதும், 2016-இல் அதையும் இடித்துத் தள்ளியது இரண்டாம் முறை மேயரான அதே பெனலோசாவின் நிர்வாகம் என்பதும் இக்கதையின் கசப்பான பகுதி. இடத்தைச் சுத்தம் செய்வது ஒரு வேலை, அங்கிருந்த மனிதர்களுக்கு வழி செய்வது மற்றொரு வேலை. இரண்டாவதற்கு நகரங்கள் வழக்கமாகவே குறைந்த பணத்தை ஒதுக்குகின்றன.

2001-இல் மோக்குஸ் மீண்டும் மேயராகி, 2003 முடியப் பணியாற்றினார். அவரது பதவிக்காலம் முடிந்தபோது பொகோடாவின் கொலை விகிதம் லட்சத்துக்குச் சுமார் 23 ஆக இறங்கியிருந்தது. ஆண்டுக்குச் சுமார் 1,600 மரணங்கள். சாலை விபத்து மரணங்களும் ஏறத்தாழப் பாதியாயின. இதில் எவ்வளவு மேயர்களின் சாதனை என்பது இன்றும் வாதத்துக்குரியது. பெரிய போதைக் கூட்டமைப்புகள் 1990-களின் நடுவில் உடைந்தன. நாடு முழுவதிலுமே கொலைகள் ஏறி இறங்கின. எல்லாவற்றையும் ஒரே காலத்தில் செய்த நகரத்தில், எது பலித்தது என்று தனித்துப் பிரிப்பது அரிது. எனினும் நாட்டின் மற்றப் பெரு நகரங்களில் அதே பத்தாண்டில் இத்தகைய நிலையான சரிவு ஏற்படவில்லை என்பதால், நகர நிர்வாகத்துக்கு அதில் பங்கே இல்லை என்று தள்ளுவதும் ஏற்புடையதன்று.

ஒவ்வொரு நடவடிக்கையின் பலனையும் பிரித்தறியும் முயற்சி பின்னாளில் பொகோடாவிலேயே நடந்தது. ஒரு நகரின் குற்றங்கள் எல்லாத் தெருக்களிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. மிகச் சில தெருத்துண்டுகளில் குவிந்திருக்கும். இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட சாலைப் பகுதியே தெருத்துண்டு. 2016-இல் நகர நிர்வாகமும் காவல்துறையும் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, குற்றம் மிகுந்த 1,919 தெருத்துண்டுகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் சிலவற்றில் காவலர் செலவிடும் நேரத்தைக் கூட்டியும், சிலவற்றில் தெருவிளக்கைப் பழுதுபார்த்துக் குப்பையை அகற்றியும், சிலவற்றில் இரண்டையும் செய்தும், மற்றவற்றை இருந்தபடியே விட்டும் பார்த்தனர். விளைவு எவரையும் முழுதாக மகிழ்விப்பதாக இல்லை. நேரடிப் பலன் சிறிதாகவே இருந்தது. திருட்டு, வழிப்பறி போன்ற சொத்துக் குற்றங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு நகர்ந்தமைக்கான அறிகுறிகள் தெரிந்தன. கொலை, பாலியல் வன்முறை ஆகிய கொடுங்குற்றங்கள் மட்டும் ஒட்டுமொத்தமாகக் குறைந்திருக்கலாம் என்று கணக்கு சொன்னது. செல்போன் பறிப்பவருக்கு ஒரு தெரு போனால் இன்னொரு தெரு உண்டு. குடித்துவிட்டுச் சண்டையில் இறங்குபவர் காவலர் இல்லாத இடத்தைத் தேடிப்போய்ச் சண்டையிடுவதில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ரோந்தைக் கூட்டிவிட்டோம், குற்றம் ஒழிந்தது என்று அறிவிக்கும் எந்த நகரத்தின் புள்ளிவிவரத்தையும் படிக்கும்போது, பக்கத்துத் தெருவின் கணக்கையும் கேட்பது நன்று.

பொகோடாவைவிட உலகப் புகழ் பெற்றது மெதயின். போதைப்பொருள் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரின் ஊரான அங்கே 1991-இல் கொலை விகிதம் லட்சத்துக்குச் சுமார் 380. அந்நாளில் உலகிலேயே மிகக் கொடிய நகரம் அது. 2004 முதல் 2007 வரை மேயராக இருந்த செர்ஹியோ ஃபகார்டோவும் கணிதப் பேராசிரியரே. கொலம்பிய நகரங்களுக்குக் கணிதவியலாளர்கள் மீது என்ன ஈர்ப்போ தெரியவில்லை. மலைச்சரிவுகளில் தொற்றிக்கொண்டு நிற்கும் ஏழைக் குடியிருப்புகளுக்கு, நகரின் மிகச் சிறந்த கட்டடங்களையும் போக்குவரத்தையும் கொண்டுபோவது அவரது கொள்கை. சாந்தோ தொமிங்கோ என்ற குடியிருப்புக்கு 2004-இல் மெட்ரோ ரயிலோடு இணைந்த ரோப் கார் ஓடத் தொடங்கியது. அதைச் சுற்றிப் பள்ளிகளும் பூங்காக்களும் நூலகமும் எழுந்தன. 13-ஆம் வட்டத்தில் 2011-இல், செங்குத்தான படிகளுக்குப் பதிலாகத் திறந்தவெளி எஸ்கலேட்டர்கள் வந்தன. நகராட்சிக்கே சொந்தமான மின்சார, குடிநீர் நிறுவனம் தன் இலாபத்தில் பெரும்பங்கை நகருக்குத் தருவதால் இவ்வளவும் கைகூடியது. 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, ரோப் கார் சென்ற குடியிருப்புகளில் கொலை குறைந்த அளவு, அதுபோன்ற மற்றக் குடியிருப்புகளில் குறைந்ததைவிட 66 சதவீதம் மிகுதி என்று கண்டறிந்தது.

இக்கதையைச் சொல்வோர் பலர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். ஆனால் 2002 அக்டோபரில், அதே 13-ஆம் வட்டத்தில், தேசிய அரசின் ஆணைப்படி இராணுவமும் காவல்துறையும் 'ஒரியோன்' என்ற பெயரில் கிளர்ச்சிக் குழுக்களுக்கு எதிராகப் பெரும் தாக்குதல் நடத்தின. அரசுப் படைகளோடு துணைராணுவக் கூலிப்படையினரும் கைகோத்தனர். அதன் பின் ஆட்கள் காணாமல் போயினர். கிளர்ச்சியாளர்கள் விட்டுச் சென்ற இடத்தில் அமர்ந்தவர் 'தோன் பெர்னா' என்ற கூலிப்படைத் தலைவர். நகரின் கும்பல்கள் பெரும்பாலும் ஒருவருக்கே கட்டுப்பட்டிருந்ததால் அவற்றுக்குள் சண்டை குறைந்தது, கொலையும் குறைந்தது. 2008 மே மாதத்தில் அவர் அமெரிக்காவுக்கு நாடு கடத்தப்பட்டதும், அவரது இடத்துக்குப் போட்டி மூண்டது. 2007-இல் 800-க்கும் கீழே இருந்த கொலைகள் 2009-இல் 2,000-ஐத் தாண்டின. ரோப் கார் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிற்பாடு எண்ணிக்கை மீண்டும் இறங்கியது என்றாலும், பல குடியிருப்புகளில் உள்ளூர்க் கும்பல்கள் கடைக்காரரிடம் வாரமாமூல் வசூலிப்பதும், அடகு, கடன், குடும்பத் தகராறுகளில் கட்டப் பஞ்சாயத்து செய்வதும் நின்றபாடில்லை. கொலை குறைவதும் மக்கள் சுதந்திரமாக வாழ்வதும் ஒன்றல்ல என்பதை மெதயின் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் நகரம் வேறில்லை. காணாமல் போனோரின் தாய்மார்கள், தம் பிள்ளைகள் 'எஸ்கொம்பிரேரா' என்ற கட்டட இடிபாட்டுக் கிடங்கின் கீழ் புதைக்கப்பட்டுள்ளனர் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வந்தனர். 2024 டிசம்பரில் அங்கே முதல் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டன.

மேயரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதற்கான விடை மறுபடியும் பொகோடாவில், 2020 செப்டம்பரில் வெளிப்பட்டது. கொரோனாக் கட்டுப்பாட்டுக் காலத்தில் காவலர்களால் பிடிக்கப்பட்ட ஒருவர், மின்னதிர்ச்சிக் கருவியால் பலமுறை தாக்கப்பட்ட காணொளி பரவி, அவர் இறந்த செய்தியும் சேர்ந்ததும், மக்கள் தெருவில் இறங்கிப் புறக்காவல் நிலையங்களைத் தாக்கினர். பலவற்றுக்குத் தீ வைத்தனர். மக்களுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காகக் குடியிருப்புகளுக்கு நடுவே அமைக்கப்பட்ட அதே சிறு நிலையங்கள் அவை. காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. துப்பாக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று தாம் வெளிப்படையாக ஆணையிட்டிருந்ததாகவும், அது மதிக்கப்படவில்லை என்றும் அன்றைய மேயர் கிளாவ்தியா லோபேஸ் கூறினார். மேயரின் வேண்டுகோளின் பேரில், ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆதரவோடு நடத்தப்பட்ட சுயேச்சை விசாரணையின் அறிக்கை 2021 டிசம்பரில் வெளியாகி, மாண்டவர் 14 பேர் என்றும், அவர்களுள் 11 பேரின் மரணத்துக்குக் காவல்துறையே காரணம் என்றும், அது ஒரு படுகொலை என்றும் பதிவு செய்தது.

எண்ணுவதற்கும், விளக்கைப் போடுவதற்கும், மதுக்கூடத்தை மூடச் சொல்வதற்கும், தகராறைப் பேசித் தீர்ப்பதற்கும், ரோப் காரை மலைமேல் கொண்டுபோவதற்கும் ஒரு நகர நிர்வாகத்துக்குப் போதிய ஆற்றல் உண்டு என்பதைக் கொலம்பியா நிரூபித்திருக்கிறது. பொகோடாவின் கொலை விகிதம் பின்னாளில் 23-க்கும் வெகு கீழே இறங்கியதும் அதையே சுட்டுகிறது. ஆனால் ஆயுதம் ஏந்தியவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது நெருக்கடி வரும் நாளில்தான் தெரியும். 2020-க்குப் பிறகு காவல்துறையைப் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்ற கோரிக்கை அரசியல் மேடைகளில் வலுத்தது. மேயரே நகரின் முதன்மைக் காவல் அதிகாரி என்று கூறும் 315-ஆம் உறுப்பு அப்படியே இருக்க, காவல்துறை இன்னமும் அந்த அமைச்சகத்தின் கீழேயே இருக்கிறது.